வாய்க்கு விட்டு வெச்ச கல்

பெத்தவங்க அவளுக்கு வெச்ச பேரே ஒரு உத்தரவு. மல்சுன்னா கடைசின்னு அர்த்தம். பொண்ணு போதும், அடுத்தத ஆம்பளையா அனுப்புன்னு மேல இருக்கறவனுக்குப் போட்ட உத்தரவு. அவன் காதுல வாங்கல. மல்சுனுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பொண்ணு பொறந்து, அதுக்கப்புறந்தான் ஒரு தம்பி வந்து சேர்ந்தான். தம்பி படிக்கணும். தம்பி படிக்க மல்சுன் புசானுக்கு பஸ் ஏறினா. அந்தக் காலத்துல கொரியாவுல பாதி வீட்டுக் கதை இதுதான். தம்பி படிச்சான், அக்கா தேஞ்சா.

புசான்ல ஷூ கம்பெனி. அமெரிக்காக்காரன் ஓடறதுக்கு இங்க பொண்ணுங்க நின்னாங்க. ரப்பரைக் காய்ச்சி, ரெண்டு இரும்பு உருளைக்கு நடுவுல விட்டு, தகடா இழுத்து, அடிப்பாகம் வெட்டணும். பசை வாசனையில தல சுத்தும். சுத்தினா சூப்பர்வைசர் தலையிலயே தட்டுவான், நேரா நிக்கறதுக்கு. தங்கற ரூம்ல ஒருத்தி தலைமாட்டுல இன்னொருத்தி காலு. மல்சுன் ஒரு பக்கம், பொக்ஜா இன்னொரு பக்கம், நடுவுல சம்வல்.

சம்வலுக்கு அந்த ஃபேக்டரியிலயே பெரிய குரல். அவ பாடினா மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேக்கும். பல்லு கோணல்மாணலா இருக்கும், அதப்பத்திக் கவலையே படாம வாயத் தெறந்து சிரிப்பா. பொக்ஜா சின்னவ, பயந்தாங்கொள்ளி, சம்வல் சட்டையப் புடிச்சுக்கிட்டே திரிவா.

உருளைய நிறுத்தற சுவிட்சு சுவத்துல இருந்துச்சு. அதுக்குக் கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டியிருந்தாங்க. சாவி சூப்பர்வைசர் இடுப்புல. ஏன்னு கேட்டா, பொண்ணுங்க ஓய்வெடுக்கறதுக்காக மெஷின நிறுத்திருவாளுங்களாம். முதலாளிக்குத் தொழிலாளியப் பத்தி இருக்கற அபிப்பிராயம் மொத்தமும் அந்தக் கூண்டுல இருந்துச்சு.

ஒரு நாள் சம்வலோட சட்டைக் கை உருளையில மாட்டுச்சு. "நிறுத்து!"ன்னு கத்தினா. அந்தக் குரலுக்கு ஃபேக்டரி மொத்தமும் திரும்புச்சு. திரும்பி என்ன பண்ண? சாவி இல்ல. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். அங்கேர்ந்தே, "எவடி அவ கத்தறது?"ன்னு கேட்டான். கேட்டுட்டு ஒரு வாய் உறிஞ்சினான். அப்புறந்தான் எழுந்தான். அதுக்குள்ள உருளை தோளுக்கு வந்துருச்சு.

மத்தியானம் மண்ணெண்ணெய் ஊத்தி உருளையத் தொடச்சாங்க. கப்பல் காத்துக்கிட்டு இருக்குன்னாங்க. மெஷின் ஓடுச்சு. அந்த உருளையில யாரை நிறுத்தினாங்க தெரியுமா? மல்சுனை.

அப்புறம் அவ சும்மா இருக்கல. நாலு பேரச் சேத்துக்கிட்டு நோட்டீஸ் அடிச்சா. ஒரே ஒரு கோரிக்கை: கூண்ட எடு. கூண்ட எடுக்கல, அவளை எடுத்தாங்க. மத்த கம்பெனிக்கெல்லாம் அவ பேரு போயிருச்சு. புசான்ல ஒருத்தனும் அவளுக்கு வேல தரல. அந்தச் சமயம் ஜெர்மனிக்காரனுக்கு நோயாளிகளத் தூக்கிப் பொரட்ட ஆள் வேணுமா இருந்துச்சு. நர்ஸ் உதவியாளா கெளம்பிப் போனா.

ஜெர்மனியில நொரையீரல் போன சுரங்கத் தொழிலாளிங்க வார்டு. மணி அடிச்சா ஓடணும். ஓடினா. ஒப்பந்தம் முடிஞ்சதும், நீ கெளம்பலாம்னாங்க. "நாங்க என்ன திருப்பி அனுப்பற சரக்கா?"ன்னு கொரியப் பொண்ணுங்க தெருவுல நின்னு கையெழுத்து வாங்கினாங்க. மல்சுனும் நின்னா. இருக்க விட்டாங்க. அந்த ஆஸ்பத்திரியில நோயாளிங்க கை பழகறதுக்குக் களிமண் வெச்சிருப்பாங்க. வேல முடிஞ்சு ஒரு சாயங்காலம் அதக் கையில எடுத்துப் பெசஞ்சா. மொதல்ல வந்தது ஒரு வாய். தெறந்த வாய். பயந்துபோய் நசுக்கிப் போட்டுட்டா. ஆனா கைக்கு ருசி பட்டுருச்சு. மறுநாளும் போனா. அதுக்கப்புறம் போகாத நாளில்ல.

லீவுல ஒரு தடவ இத்தாலிக்கு பஸ்ல வந்தா. கர்ராரா. சலவைக்கல் மலை பாக்க. லிபெரோன்னு ஒருத்தனோட பட்டறையில கல்லு கொத்தக் கத்துத் தர்றாங்கன்னு கேள்விப்பட்டு உள்ள நொழஞ்சா. லிபெரோ அப்போ இளவட்டம். இந்த ஊர்ல அரசாங்கமும் வேணாம், சாமியும் வேணாம்னு கொடி புடிக்கற குடும்பத்துல பொறந்த பிள்ளைகளுக்கு இப்பிடித்தான் பேரு வெப்பாங்க. லிபெரோன்னா விடுதலையானவன். அவன் தங்கச்சிக்குக் கலகக்காரின்னே பேரு. உளியக் கையில குடுத்து, கட்டை வெரல மட்டும் காப்பாத்திக்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

ஒரு வாரம் கூட ஆகல. மலையில சங்கு ஊதுச்சு.

மல்சுனுக்கு ரெண்டு சங்குதான் தெரியும். ஃபேக்டரி சங்கு ஊதினா மெஷின் முன்னாடி நிக்கணும். ஆஸ்பத்திரி மணி அடிச்சா ஓடணும். உளியக் கீழ போட்டுட்டு ஓடறதுக்குத் தயாரா எழுந்தா. யாரத் தூக்கணும், ஸ்ட்ரெச்சர் எங்க?

லிபெரோ அவ மணிக்கட்டப் புடிச்சான். "எங்க ஓடற?"

"சங்கு ஊதுது இல்ல?"

"அதான். உக்காரு."

பட்டறையில ஒவ்வொரு சுத்தியலா நின்னுச்சு. அடுத்த பட்டறையில நின்னுச்சு. மேல மலையில ரம்பம் நின்னுச்சு, லாரி நின்னுச்சு. கீழ ஆத்தங்கரை வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. கல்லுல ஒருத்தன் செத்தா இந்த ஊர்ல சங்கு ஊதும். ஊதினா எவனும் வேல செய்ய மாட்டான். முதலாளி கப்பல் காத்துக்கிட்டு இருக்குன்னு சொன்னா, கப்பலையும் சேத்துக் காத்திருக்கச் சொல்லுவாங்க. செத்தவன் யாருன்னு கூட அப்போ தெரியாது. யாரா இருந்தா என்ன?

மல்சுன் ஒக்காந்து அழுதா. துக்கத்துல இல்ல, ஆத்திரத்துல. நிறுத்த முடியும்! இவ்ளோ பெரிய மலைய நிறுத்த முடியும்! அங்க ஒரு உருளைய நிறுத்த முடியலயா?

பஸ் திரும்பிப் போச்சு. அவ போகல.

அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துக்கு மேல. அவ தொழில் வரலாறுன்னு எழுதினா ஒரு பக்கத்துல முடிஞ்சுரும், அதுல முக்கால் பக்கம் அடுத்தவன் பேரு இருக்கும். பேர் பெத்த சிற்பிங்க முழங்கை நீளத்துல ஒரு பிளாஸ்டர் மாதிரிய அனுப்புவாங்க. அத ஆள் ஒசரத்துக்குக் கொத்தறது இந்தப் பட்டறைக்காரங்க. சாமிக்கு மூக்கு, ஜெனரலுக்கு மீசை, எவனோ ஒருத்தன் வெப்பாட்டிக்கு முட்டி. கடைசி நாள் வந்து கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போவான் சிற்பி. தூசி இவ நெஞ்சுல, பேரு அவன் கணக்குல.

சொந்தமாவும் செஞ்சா. ஜெர்மனியில ஒரு கண்காட்சி வெச்சா, 'கிழக்கு நாட்டு அமைதி'ன்னு எழுதினான் ஒருத்தன். அவ செஞ்சு வெச்சிருந்தது நசுங்கின கை! மிலான்ல ஒரு கடைக்காரன், "பக்கத்துல ரெண்டு மூங்கில் வெச்சா நல்லாருக்குமே"ன்னான். சியோலுக்கு ஒரு தடவ எடுத்துட்டுப் போனா. அங்க, எந்தக் காலேஜ்னு கேட்டாங்க. காலேஜ் இல்லன்னதும், "ஓ, பொழுதுபோக்கா?"ன்னாங்க. அந்தப் பெட்டிகளத் திரும்பக் கப்பல் ஏத்தும்போது, இனி இந்த மண்ணுக்கு ஒரு கல்லு கொண்டு வர மாட்டேன்னு துப்பிட்டு வந்தா.

துப்பினத முழுங்க வேண்டி வந்துச்சு.

அந்த ஷூ கம்பெனி இப்போ ஷூ செய்யறதில்ல. அடுக்கு மாடி கட்டுது, கடை நடத்துது. முதலாளியோட பேத்தி மெங் ஹேரின் ஒரு அறக்கட்டளை வெச்சிருக்கா. பழைய ஃபேக்டரி இருந்த எடத்துல குடியிருப்பு வந்திருக்கு. நடுவுல ஒரு பூங்கா. அந்தப் பூங்காவுல 'நாட்டை நிமிர்த்திய அக்காக்கள்'னு ஒரு சிலை வேணுமாம். அங்க வேல செஞ்ச ஒருத்தியே சிற்பியா இருக்கறது எவ்வளவு பொருத்தம்னு ஃபோன்ல உருகினா.

எடம் எங்கன்னு மல்சுன் கேட்டா. வரைபடம் வந்துச்சு. உருளை இருந்த எடத்துலேர்ந்து பத்தடி கூட இருக்காது.

பொக்ஜாவக் கூப்பிட்டா. பொக்ஜா இன்னமும் புசான்லதான் இருக்கா, மார்க்கெட்டுல மீன் விக்கறா. பயமெல்லாம் மீன் வெட்டி வெட்டிப் போயிருச்சு.

"செய்யி அக்கா. யோசிக்காத."

"அந்த முதலாளி பேத்திடி அவ."

"இருக்கட்டும். நான் வருஷா வருஷம் சம்வல் செத்த நாளுல அந்தக் குடியிருப்புக் கேட்டு வாசல்ல ஒரு கிளாஸ் சோஜு ஊத்தறேன். வாட்ச்மேன் வந்து, 'பாட்டி, இங்க சாராயம் ஊத்தாதீங்க, காருக்காரங்க திட்டறாங்க'ங்கறான். தார் ரோட்டுல ஊத்தினா அவளுக்கு எப்பிடிப் போய்ச் சேரும்? ஒரு கல்லு இருந்தா கல்லு மேல ஊத்துவேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு கல்லு."

அதுக்கு மேல மல்சுன் என்ன பேச? ஒத்துக்கிட்டா.

கல்லக் கொண்டு வந்தவன் தூலியோ. மலையில வேல செய்யறவன். நாப்பத்தஞ்சு வயசுக்குப் பக்கம், சின்னப் பையனா இருந்தப்போலேர்ந்து மல்சுனைத் தெரியும். அவளுக்குன்னு நல்ல பாளமாப் பாத்து ஒதுக்கி வெச்சு, லாரியில கூடவே ஏறி வந்தான்.

"மல்சு! உன் சொந்தக்காரியக் கொண்டாந்திருக்கேன். மெதுவா எறக்குங்கடா, பொறந்ததுலேர்ந்து மலைய விட்டு வந்ததில்ல, வெக்கப்படறா."

"நரம்பு ஓடுதா உள்ள?"

"உன் கழுத்துல ஓடறத விடக் கம்மி." சுத்தியலால ஒரு தட்டு தட்டினான். கல்லு கணீர்னுச்சு. "கேட்டியா? விரிசல் இல்ல. யாருக்கு இது?"

"கூட வேல செஞ்சவ. செத்துட்டா."

தூலியோ கிண்டல விட்டுட்டான். "என்னத்துல?"

"மெஷின்ல."

"சங்கு ஊதினாங்களா?"

"எங்க ஊர்ல சங்கு, வேலைக்கு வரச்சொல்ல மட்டும் ஊதுவாங்க."

தூலியோ மலையப் பாத்தான், கல்லப் பாத்தான். கல்லுல கைய வெச்சு ஒரு தடவு தடவிட்டுப் போனான்.

பிளாஸ்டர் மாதிரியில சம்வல் வாய மூடித்தான் வெச்சா. அத போட்டோ எடுத்து அனுப்பினா. அறக்கட்டளைக்குப் பிடிச்சிருந்துச்சு. கல்லுல கொத்த ஆரம்பிச்சா. கன்னம் வந்துச்சு, கண்ணு வந்துச்சு, கழுத்து நரம்பு வந்துச்சு. வாய் இருக்கற எடத்துல மட்டும் ஒரு கட்டி கல்லு அப்பிடியே நின்னுச்சு. நாளாச்சு, மாசமாச்சு, அதுல கை வெக்கல.

லிபெரோவுக்கு இப்போ எழுவதத் தாண்டிருச்சு. காதுல பாதி போச்சு, கண்ணு போகல. சிலையச் சுத்தி வந்தான். "எல்லாத்தையும் முடிச்சுட்ட, வாயில மட்டும் ரொட்டிய அடச்ச மாதிரி நிக்கறாளே?"

"வாய்க்கு விட்டு வெச்சிருக்கேன்."

"மாதிரியில மூடித்தானே இருக்கு? மூடறதுக்கு இவ்ளோ கல்லு எதுக்கு?"

"லிபெரோ, கல்லுல எடுக்கலாம். எடுத்தத திருப்பி வெக்க முடியாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கேக்கறேன். என்ன பண்ணப் போற?"

"தெரியல. போய் உன் வேலயப் பாரு."

ஹேரின் நேர்ல வந்தா. கூட கேமராக்காரன் ஒருத்தன், குடை புடிக்க ஒருத்தன். வெள்ளை டிரஸ். கல்லுப்பட்டறைக்கு வெள்ளையில வர்றது புத்திசாலித்தனந்தான், தூசி தெரியாது. சிலையப் பாத்ததும் கையக் குவிச்சுக் குனிஞ்சா. கண்ணுல தண்ணி கூட வந்துச்சு. பொய்யின்னு சொல்ல முடியாது. இவங்களுக்கு அழுகை நெசமாவே வரும், அதான் கேடு.

"அம்மா, எவ்வளவு கம்பீரம்! ஒரே ஒரு சின்ன விஷயம். வாய் இன்னும் செதுக்கல இல்ல? அங்க லேசா ஒரு சிரிப்பு வேணும். குழந்தைங்க வெளையாடற பூங்கா. சோகம் வேண்டாமேன்னு குடியிருக்கறவங்க சொல்றாங்க."

"மாதிரிக்கு ஒத்துக்கிட்டீங்களே? அதுல சிரிக்கல."

"கொஞ்சமா... உதட்டோரத்துல மட்டும். நம்ம அக்காங்க எல்லாம் சிரிச்ச மொகத்தோடதானே கஷ்டத்தத் தாங்கினாங்க?"

"நான் அங்க இருந்தேன்."

"அதனாலதாம்மா உங்களத் தேடி வந்தோம்."

மல்சுன் சிலையப் பாத்தா. அந்தக் கட்டிக் கல்லுக்குள்ள ரெண்டு வாய் இருந்துச்சு. ஒண்ணு சிரிக்கறது. அது புசானுக்குப் போகும், பொக்ஜா அது மேல சோஜு ஊத்துவா. இன்னொண்ண யாரும் வாங்க மாட்டாங்க. வெரலால அந்தக் கட்டியத் தட்டிப் பாத்தா. அப்புறம், "சரி. சிரிக்க வெக்கறேன்"னா.

லிபெரோவுக்கு அவங்க பேச்சு புரியாது. ஆனா அவ முதுகு புரியும். கையில இருந்த அரத்தத் தூக்கி முற்றத்துல எறிஞ்சான். ஹேரின் திடுக்கிட்டா. "வயசாச்சு, கை நழுவுது"ன்னு மல்சுன் சமாளிச்சா.

ஹேரின் கார் ஏறினதும் லிபெரோ வந்து நின்னான். "வித்துட்டியா?"

"அவளுக்கு நிக்கறதுக்கு அங்க ஒரு எடம் வேணும். சிரிச்சாவது நிக்கட்டும்."

"செத்தவ சிரிக்கறாளா? எதப் பாத்து?"

"வாய மூடு லிபெரோ."

"அவ வாயத்தான் மூடிட்ட, என் வாயையுமா?"

மறுநாள் காலையில படம் புடிக்கறதா ஏற்பாடு. சிற்பி கடைசி முறையா உளி வெக்கறா, சிரிப்பு பொறக்குது. அதான் அவங்களுக்கு வேண்டிய காட்சி. கேமரா வெச்சாச்சு, கம்ப்ரசர் ஓடுது, காத்துல அதிர்ற உளி மல்சுன் கையில. உதட்டோரத்துல நுனிய வெச்சா. கல்லுல ஒரு கீறல் விழுந்துச்சு.

மலையில சங்கு ஊதுச்சு.

லிபெரோ கம்ப்ரசர அணச்சான். அடுத்த பட்டறை நின்னுச்சு. அதுக்கடுத்தது நின்னுச்சு. ரோட்டுல ஒரு லாரி அப்பிடியே ஓரம் கட்டுச்சு. மல்சுன் உளியக் கீழ வெச்சுட்டு ஒரு பெட்டி மேல ஒக்காந்தா. கை மடியில. கொஞ்ச நேரத்துல லிபெரோ ஃபோன் அடிச்சது. கேட்டான். தொப்பியக் கழட்டினான்.

"தூலியோ"ன்னான். "பாளம் பொரண்டுருச்சு."

மல்சுன் சிலையோட தோளைப் பாத்துக்கிட்டே இருந்தா. வெறும் பாளமா இருந்தப்போ அந்த எடத்துலதான் தூலியோ கை வெச்சுத் தடவினது.

ஹேரினுக்கு விஷயத்தச் சொன்னாங்க. "ஐயோ, பாவம்"னா. தலைய குனிஞ்சு நின்னா. கொஞ்ச நேரந்தான். மணிக்கட்டப் பாத்தா.

"அம்மா, இந்த நேரத்துல கேக்கறதுக்கு மன்னிச்சுருங்க. சாயங்காலம் எங்களுக்கு ஃப்ளைட். ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் உளிய வெச்சுக் காட்டினா போதும். சத்தம் வேணும், அதனால மெஷின மட்டும் போடச் சொல்லுங்க. அவர் உங்க சொந்தக்காரர் இல்லையே?"

மல்சுன் தலைய நிமித்தினா.

"உங்க தாத்தா ஃபேக்டரியில சுவிட்சு எங்க இருந்துச்சுன்னு தெரியுமா?"

"சுவிட்சா? தெரியலையேம்மா."

"கம்பிக் கூண்டுக்குள்ள. பூட்டு போட்டு. இவ கை மாட்டினப்போ இவ நிறுத்துன்னு கத்தினா. சாவி வெச்சிருந்தவன் நூடுல்ஸ் தின்னுக்கிட்டு இருந்தான். அவனுக்கும் அஞ்சு நிமிஷந்தான் வேண்டியிருந்துச்சு."

"அம்மா, அது அந்தக் காலம்—"

"இதோ இருக்கு இந்த ஊர் சுவிட்சு." கம்ப்ரசரக் காட்டினா. "கூண்டு இல்ல, பூட்டு இல்ல. நீயே போய்ப் போடு. போடு பாப்போம்!"

நீங்க போய் நீ வந்துருச்சு. ஹேரினுக்கு மொகம் செவந்துச்சு. குடை புடிச்சவன் என்ன நெனச்சானோ, கம்ப்ரசர் பக்கம் ரெண்டு எட்டு வெச்சான். லிபெரோ போய் அது மேலயே ஒக்காந்துக்கிட்டான்.

"எழுந்திரிக்க மாட்டேன்னு சொல்லு. மூட்டு வலின்னு சொல்லு"ன்னு மல்சுன்கிட்ட சொன்னான்.

கார் கெளம்பிப் போச்சு.

தூலியோவப் பாதிரி இல்லாம எடுத்தாங்க, அவன் அப்பன எடுத்த மாதிரியே. செவப்பும் கறுப்புமா கொடி. மலைக்காரங்க தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. குவாரி முதலாளி ஒரு மாலை அனுப்பியிருந்தான். தூலியோ பொண்டாட்டி அத வாங்கி ஆத்துல போட்டா. யாரும் தடுக்கல.

வேல திரும்ப ஆரம்பிச்ச அன்னிக்கு மல்சுன் எல்லாருக்கும் முன்னாடி வந்தா. துளை போடற ட்ரில்ல எடுத்தா. அந்தக் கட்டிக் கல்லுக்கு நட்ட நடுவுல வெச்சா. வெள்ளைக் கல்லுல கறுப்பு வேணும்னா பெயின்ட் அடிக்க முடியாது. ஆழந்தான் கறுப்பு. நாக்கு வரைக்கும் போனா, நாக்கத் தாண்டித் தொண்டை வரைக்கும் போனா. பல்லு கொத்தினா, கோணல்மாணலா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாப்புல. உதட்டோரத்துல சிரிப்புக்காக விழுந்த கீறல் மட்டும் அழியல. அத அப்பிடியே விட்டா. அழிக்கணும்னா கன்னம் போகும்.

லிபெரோ வந்து பாத்தான். அவனுக்குப் பாதிக் காது கேக்காது. ஆனாலும் காதப் பொத்தற மாதிரி கையத் தூக்கினான்.

அறக்கட்டளைக்கு போட்டோ போச்சு. பதிலுக்கு ஹேரின் பேசல, அவ வக்கீல் பேசினான். மாதிரியில இருக்கறது வேற, கல்லுல இருக்கறது வேற, எங்களுக்கு வேணாம்னான். மல்சுன், நல்லதுன்னு வெச்சுட்டா. அது லேசா இருந்துச்சு. பொக்ஜாகிட்ட சொல்றதுதான் லேசா இல்ல.

"வராதா?"ன்னா பொக்ஜா.

"வராது."

"சிரிக்க வெக்கறேன்னு சொன்னியே?"

"கை வரலடி."

"உனக்குக் கை வரல." பொக்ஜா குரல் கொதிச்சது. "உனக்கு அங்க மலை இருக்கு, சங்கு இருக்கு, கூட நிக்க ஆளு இருக்கு. அங்க ஒக்காந்து கோவப்படறது லேசு அக்கா. நான் இங்க அந்த வாட்ச்மேன்கிட்ட நிக்கறேன். ஒரு கல்லு கேட்டேன். ஒரே ஒரு கல்லு. உனக்கு உன் ரோஷம் பெருசாப் போச்சு."

மல்சுன், "போட்டோ அனுப்பறேன், பாரு"ன்னு மட்டும் சொன்னா. அனுப்பினா. பொக்ஜா பாத்துட்டான்னு ஃபோன் காட்டுச்சு. ஆனா ஒரு வார்த்த வரல. வாரம் போச்சு, மாசம் போச்சு, ஒண்ணும் வரல. சிலையப் பட்டறை வாசல்ல ரோட்டப் பாத்து நிறுத்தினாங்க. மலையிலேர்ந்து எறங்கற லாரிக்காரங்க அதத் தாண்டும்போது வேகத்தக் கொறைப்பாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. அவளுக்கு அது போதலன்னுதான் இருந்துச்சு. நிக்க வேண்டிய எடம் இது இல்லையே!

பூங்காவுக்கு வேற சிலை வந்துருச்சு. வேற ஒருத்தன்கிட்ட சொல்லி வெண்கலத்துல வார்த்துக்கிட்டாங்க.

தெறப்பு விழா அன்னிக்கு, கர்ராராவுல பட்டறை தெறக்கற நேரம், மல்சுன் ஃபோன் அடிச்சது. பொக்ஜா. வீடியோவுல.

"அக்கா, தெரியுதா? சத்தமாப் பேசு, இங்க பேண்டு வாசிக்கறானுங்க."

"எங்கடி இருக்க?"

"கேட்டுக்கு உள்ள. இந்தத் தடவ அழைப்பிதழ் இருக்கு, முன்னாள் ஊழியராம் நானு. பாரு இந்த வெண்கலக்காரிய. கையில ஷூவ வெச்சுக்கிட்டுப் பல்லக் காட்டறா. பல்லெல்லாம் வரிசையா இருக்கு, சம்வலுக்கு என்னிக்குடி பல்லு வரிசையா இருந்துச்சு?" அக்கான்னு ஆரம்பிச்சது டியில வந்து நின்னுச்சு. கோவம் தீரல, ஆனா பேசறா.

"தனியாவா போயிருக்க?"

"நாலு பேரு. பழைய உருளைக்காரிங்க. ஒருத்தி சக்கர நாற்காலியில. அவ மடியிலதான் வெச்சுக் கொண்டாந்தோம்."

"எத?"

பொக்ஜா ஃபோனத் திருப்பினா. நாலு கிழவிங்க சேந்து ஒரு சுருள விரிச்சாங்க. ஃப்ளெக்ஸ். ஆள் ஒசரத்துக்கு மேல, வெள்ளைக் கல்லு மொகம், கோணப்பல்லு, தொண்டை வரைக்கும் கறுப்பு. வெண்கலக்காரிக்கு நேர் எதிர்ல.

மேடையில ஹேரின் மைக்குல பேசிக்கிட்டு இருந்தா. தியாகம்னா, புன்னகைன்னா. ரெண்டு செக்யூரிட்டி ஓடி வந்தாங்க. "பாட்டி, தயவுசெஞ்சு மடிச்சுருங்க. பாட்டி, விழா ஓடிக்கிட்டு இருக்கு."

"ஓடுதா?"ன்னு கேட்டா பொக்ஜா. சம்வல் சட்டையப் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச பயந்தாங்கொள்ளி பொக்ஜா. "அப்போ நிறுத்து!"

மத்த மூணு பேரும் சேந்துக்கிட்டாங்க. "நிறுத்து! நிறுத்து!" எல்லாம் கிழட்டுக் குரல், ஒண்ணுக்கொண்ணு சேரல, பாட்டு மாதிரி இல்ல, கூச்சல் மாதிரிதான் இருந்துச்சு.

கர்ராராவுல லிபெரோவுக்கு ஒரு வார்த்த புரியல. மல்சுன் கையில இருந்த ஃபோனப் பாத்தான், அந்த வாயப் பாத்தான். போய் கம்ப்ரசர அணச்சான். ஏன்னு யாரும் கேக்கல. ஒவ்வொரு சுத்தியலா நின்னுச்சு.

அந்த அமைதியிலதான் மல்சுனுக்கு அது கேட்டுச்சு. புசான்ல மைக்குல பேச்சு நின்னுச்சு. ரொம்ப நேரம் இல்ல, ஒரு மூச்சு விடற நேரந்தான். அப்புறம் ஹேரின் தொண்டையக் கனைச்சுக்கிட்டு விட்ட எடத்துலேர்ந்து தொடர்ந்தா, செக்யூரிட்டி ஃப்ளெக்ஸப் புடிச்சு இழுத்தான், படம் ஆடுச்சு, கட்டாயிருச்சு.

ஆனா நின்னுச்சு.